பகலுக்கு ஓர் அரசு, இரவுக்கு ஓர் அரசு

வியட்நாம் போரைப் பற்றி என் தலைமுறையினர் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அமெரிக்கர்கள் வழியாக வந்தது. காட்டுக்குள் நடந்து செல்லும் இளம் சிப்பாய், அவனுடைய அச்சம், அவனுடைய குற்றவுணர்வு, ஊர் திரும்பிய பிறகும் அவனுக்கு வாய்க்காத உறக்கம் ஆகியவையே கதையாக இருந்தன. வயலில் குனிந்து நிற்கும் ஓலைத் தொப்பிப் பெண் அந்தக் கதைக்குப் பின்திரை மட்டுமே. அவள் நிமிர்ந்து பார்த்தபோது அந்தச் சிப்பாய் எப்படித் தெரிந்தான் என்று எழுதிவைத்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் லெ லி ஹேஸ்லிப். 1989இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய ‘வென் ஹெவன் அண்ட் எர்த் சேஞ்ச்ட் பிளேசஸ்’ என்ற நினைவுக்குறிப்பு நூலை அண்மையில் மறுபடியும் எடுத்து வாசித்தேன். இளம் வயதில் வாசித்தபோது சிறையும் சித்திரவதையும் தப்பித்து ஓடுதலும்தான் மனத்தில் தங்கின. இம்முறை என்னை நிறுத்திவைத்தது, ஒரே ஊரில், ஒரே வீட்டுக்குள், பகலில் ஓர் ஆட்சிக்கும் இரவில் மற்றோர் ஆட்சிக்கும் பதில் சொல்லப் பழகிய ஒரு சிறுமியின் அன்றாட வாழ்க்கை.

புங் தி லெ லி என்பது அவருடைய இயற்பெயர். 1949 டிசம்பரில், மத்திய வியட்நாமில் டா நாங் நகருக்குத் தெற்கே உள்ள கீ லா என்ற நெல் விளையும் சிற்றூரில், ஆறு பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். குறைமாதக் குழந்தை, பிழைக்காது, மூச்சை அடக்கிவிடுங்கள் என்று மருத்துவச்சி சொன்னதாகவும், தாய் அதற்கு இணங்க மறுத்துவிட்டதாகவும், அதனால் ஊரார் தன்னைத் தெய்வம் வளர்த்த பிள்ளை என்று அழைத்ததாகவும் எழுதுகிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் பிற்காலத்தில் சென்ற திசைகளைப் பார்த்தாலே நாட்டின் நிலை விளங்கிவிடும். ஓர் அண்ணன் வடக்கே ஹனோய்க்குப் போனார். ஓர் அக்கா மணந்த மாப்பிள்ளை தெற்கு அரசின் காவல்துறையில் இருந்தார். இன்னோர் அக்கா டா நாங்கில் அமெரிக்கர்கள் வந்துபோகும் மதுக்கூடங்களில் வேலை செய்து பிழைத்தார். மற்றோர் அண்ணனைப் போர் கொன்றது. கடைசிப் பெண்ணோ, தெற்கு அரசை எதிர்த்த கம்யூனிஸ்டுகளான வியட் காங் போராளிகளுக்காக இரவில் காவல் நின்றாள். ஒரு புதின ஆசிரியர் இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்திருந்தால், வசதிக்காகக் கணக்குப் போட்டுப் பிரித்திருக்கிறார் என்று சொல்லியிருப்பேன். அந்தக் காலத்தில், டா நாங்கைச் சூழ்ந்த குவாங் நாம் மாகாணத்துக் கிராமங்களில் இது விந்தையே அன்று.

லியின் தொடக்க நினைவுகளில் அமெரிக்கர்கள் இல்லை, பிரெஞ்சுக்காரர்களே இருக்கிறார்கள். 1946இல் தொடங்கி 1954 மே மாதம் டியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடையும் வரை நீண்ட முதல் போரின் இறுதி ஆண்டுகளில் அவர் நடை பழகும் குழந்தை. பீரங்கி ஒலி கேட்டவுடன் ஊரே எழுந்து ஓடுவதும், திரும்பி வரும்போது கூரைகள் எரிந்து கிடப்பதும், மூங்கிலும் ஓலையும் கொண்டு மீண்டும் வீடு கட்டுவதும் பருவங்கள் மாறி மாறி வருவதைப் போல அந்தப் பிள்ளைக்கு இயல்பாகத் தோன்றியிருக்கின்றன. பெரியவர்களுக்குப் போர் என்பது இயல்பு வாழ்க்கையின் முறிவு; போருக்குள் பிறந்த குழந்தைக்கோ முறிவதற்கு முன் என்ன இருந்தது என்பதே தெரியாது. இதை அவர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் அழுகையோ வியப்போ இன்றி அவர் அந்தப் பகுதிகளைச் சொல்லிச் செல்லும் விதத்தில் அது தெரிகிறது.

1954 ஜூலையில் கையெழுத்தான ஜெனீவா உடன்படிக்கை நாட்டை 17ஆம் அட்சக்கோட்டை ஒட்டித் தற்காலிகமாக இரண்டாகப் பிரித்தது. முந்நூறு நாள்களுக்குள் விரும்பியவர்கள் விரும்பிய பக்கம் போய்க்கொள்ளலாம் என்று ஏற்பாடு. வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், தெற்கே வந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போராடிய தெற்கத்தி இளைஞர்கள் பலர் வடக்கே கப்பலேறினார்கள். லியின் அண்ணன் போன் நியேயும் அப்படித்தான் போனார். 1956இல் நாடு முழுவதற்கும் தேர்தல் நடக்கும், அதன்பின் எல்லாரும் ஊர் திரும்பலாம் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. இரண்டு ஆண்டுப் பிரிவு என்றே தாய்மார்கள் மகன்களை அனுப்பிவைத்தார்கள். அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. மகன் வடக்கே போன வீடு என்பதே தெற்கு அரசின் அதிகாரிகள் கண்ணில் ஒரு குறியாகி, கீ லாவின் அந்த ஓலை வீட்டைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

தந்தை புங் டிராங்கைப் பற்றிய பக்கங்கள் நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் என்பது என் கருத்து. மாலையில் மகளை அருகே உட்காரவைத்து அவர் சொல்லும் கதைகளுள் ஒன்று புங் தி சின் என்ற பெண்ணின் கதை. கி.பி. 40இல் சீன ஆட்சிக்கு எதிராகப் படை திரட்டிய டிரங் சகோதரிகளின் தளபதிகளுள் ஒருத்தியான அவள், நிறைமாதக் கர்ப்பத்தோடு போரிட்டு, களத்திலேயே குழந்தையைப் பெற்று, அதை உடம்போடு கட்டிக்கொண்டு மீண்டும் வாளெடுத்தாள் என்பது தொன்மம். தங்கள் குலத்தின் முன்னோர் அவள் என்று தந்தை சொல்கிறார். கதை கேட்ட சிறுமி, நானும் போர்வீராங்கனை ஆவேன் என்று துள்ளிக் குதிக்கிறாள். அப்போது அவர் அவளைத் திருத்துகிறார்: உன் வேலை உயிரோடிருப்பது, ஊரில் நடப்பதைக் கவனித்து வைத்துக்கொண்டு பின்னால் வருபவர்களுக்குச் சொல்வது, முன்னோர் மாடத்தில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது. மகளுக்கு வீரக்கதையைச் சொல்லிவிட்டு, வீரம் என்பதற்கு அந்தக் கதைக்கு நேர்மாறான பொருளைக் கற்பிக்கும் தந்தையை நான் வேறு எந்தப் போர் நூலிலும் சந்தித்ததில்லை. அவருக்கு வடக்கின் மீதும் பெரிய மயக்கம் இல்லை, தெற்கின் மீதும் இல்லை. மண்ணும் கல்லறைகளும் எவரிடம் பத்திரமாக இருக்கும் என்பதே அவருடைய ஒரே அரசியல் கேள்வி.

தாயோ கதை சொல்பவர் அல்லர், வேலை கற்றுக்கொடுப்பவர். நாற்றங்காலில் விதை தூவுவது, முளைத்த நாற்றைப் பிடுங்கி முடி கட்டுவது, எருமை உழுத சேற்றில் கணுக்காலளவு நீரில் பின்னோக்கி நகர்ந்து நட்டுக்கொண்டே போவது, களை எடுப்பது, வரப்பில் நண்டு துளைத்த ஓட்டையை அடைப்பது, அறுத்த கதிரை அடித்துத் தூற்றுவது ஆகிய அனைத்தையும் லி விரிவாக எழுதியிருக்கிறார். போரைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த நூலை எடுப்பவர்கள் இப்பகுதியை வேகமாகப் புரட்டிவிடக் கூடும். புரட்டிவிட்டால் பிறகு நடப்பது எதுவும் சரியாகப் புரியாது. வயல் என்பது நாளின் எந்த நேரத்தில் எவர் எங்கே நிற்பார் என்ற அட்டவணை. அந்த அட்டவணை கலைந்தால், அந்நேரத்தில் வரப்பில் ஆள் இல்லை என்றால், ஏதோ நடக்கப்போகிறது என்பது இரு தரப்பாருக்கும் தெரியும். ஆகவே, நாற்று நடுகிற பெண்களின் வரிசையே ஓர் உளவுச் செய்தியாக மாறிவிட்டது. பயிர் செய்வதைத் தவிர வேறொன்றும் அறியாத மக்கள் தங்கள் அன்றாட அசைவுகளாலேயே ஒருவருக்குத் துணையாகவும் மற்றவருக்குப் பகையாகவும் ஆனது இப்படித்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வியட் காங் என்று தெற்கு அரசு பெயரிட்ட போராளிகள் கீ லாவுக்கு இரவில் வரத் தொடங்கினார்கள். ஊருக்கு வெளியே சதுப்பும் புதரும் சூழ்ந்த இடத்தில் கூட்டங்கள் நடந்தன. அங்கே பாட்டு உண்டு. கேள்விக்குப் பதில் உண்டு. சிறுவர் சிறுமியரையும் பெரியவர்களாக மதித்துப் பேசும் அண்ணன்மார்கள் உண்டு. லியின் நேர்மையை நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தில்தான். பின்னாளில் அதே தரப்பு தனக்குச் செய்த கொடுமையை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த இரவுகளின் ஈர்ப்பை அவர் மறைத்து எழுதியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு முதன்முறையாக ஊருக்குள் ஒரு முக்கியத்துவம் கிடைத்ததையும், ஹோ மாமா என்று அழைக்கப்பட்ட வடக்கின் தலைவர் ஹோ சி மின்னைப் பற்றிய பாடல்கள் அவர்களை எப்படிச் சிலிர்க்க வைத்தன என்பதையும், அரசுப் படைகளிடமிருந்து கையெறிகுண்டுகளைத் திருடிக் கொடுப்பது அவர்களுக்கு விளையாட்டும் பெருமையும் கலந்த செயலாக இருந்ததையும் மறைக்காமல் சொல்கிறார். வீட்டுத் தரைக்கடியில் பதுங்குகுழி தோண்டியதும் அக்காலத்தில்தான். போரைப் பற்றித் தான் அறிந்ததெல்லாம் அந்தச் சதுப்பு நிலத்துக் கூட்டங்களில் கேட்டதே என்று அவர் ஒப்புக்கொள்கிறார். உலக வரைபடத்தில் அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பொழுது விடிந்தால் காட்சி மாறும். அரசுப் படையினர் ஊருக்குள் வருவார்கள். இரவு பறித்துப் போடப்பட்ட கொடி மீண்டும் ஏறும். முந்தைய இரவு பாட்டுப் பாடிய அதே பிள்ளைகள் இப்போது வேறு பாட்டைப் பாட வேண்டும். தாய்மார்கள் இரண்டு விதமான பதில்களைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்தார்கள். எவருக்கு எதைச் சொல்வது, எதற்கு எதுவும் தெரியாதவள்போல் விழிப்பது என்பது சோறு சமைக்கக் கற்பதைப் போல ஒரு வீட்டுப் பாடமாயிற்று. காவலுக்கு நிற்கும் நாள்களில் லி வெவ்வேறு நிறச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருப்பாள். தொலைவில் மறைந்திருப்பவர்களுக்கு மேலே தெரியும் சட்டையின் நிறமே செய்தி. ஒருமுறை அரசுப் படை வருவதை உரிய நேரத்தில் அறிவித்துப் போராளிகளைக் காப்பாற்றியதற்காக அவளைப் புகழ்ந்து இரவுக் கூட்டத்தில் பாட்டே பாடப்பட்டது. அவளுக்கு அது உச்சி குளிர்ந்த இரவு. அவளுடைய பெற்றோருக்கோ, மகளின் பெயர் ஒரு பாட்டுக்குள் போய்விட்டதை நினைத்து உறக்கம் வந்திருக்காது. இது என் ஊகமே. ஆனால் நூலை வாசிக்கும் எந்தப் பெற்றோருக்கும் அவ்வாறுதான் தோன்றும்.

கிராமத்துக்கு வெளியே நடந்தவை வேகமாக நகர்ந்தன. தெற்கு வியட்நாமின் அதிபர் நோ டின் டியெம்மின் அரசு 1962இல் வேலி சூழ்ந்த குடியிருப்புகளுக்குள் உழவர்களை அடைத்து, போராளிகளிடமிருந்து அவர்களைப் பிரிக்க முயன்றது. முன்னோர் கல்லறைகளை விட்டு நகர மறுத்தவர்களின் வெறுப்பைத்தான் அது சம்பாதித்தது. 1963 நவம்பரில் டியெம் கொல்லப்பட்டார். 1965 மார்ச் 8 அன்று அமெரிக்க மரீன் படையினர் சுமார் 3,500 பேர் டா நாங்கில் வந்து இறங்கினார்கள். கடற்கரையில் அவர்களுக்கு மாலையிட மாணவிகளை நிறுத்தியிருந்தார்கள். அதே ஆண்டில், கீ லாவுக்கு அருகே உள்ள பளிங்கு மலைகளின் அடிவாரத்துக் கடலோரத்தில் ஹெலிகாப்டர் தளம் ஒன்று எழுந்தது. ஆகஸ்ட் மாதம், டா நாங்குக்குத் தெற்கே காம் நே என்ற ஊரில் மரீன் படையினர் சிகரெட் லைட்டர் கொண்டு கூரைகளுக்குத் தீ வைத்ததை சி.பி.எஸ். தொலைக்காட்சியின் மோர்லி சேஃபர் ஒளிபரப்ப, அமெரிக்க வீடுகள் முதன்முறையாக அந்தக் கூரைகளைப் பார்த்தன. லியின் நினைவில் அமெரிக்கர் முதலில் தோன்றுவது இப்படியான கொடூரத்தோடு அன்று. வயலில் இறங்கிய ஹெலிகாப்டரின் காற்று, பயிரைச் சாய்த்து, தொப்பியைப் பறக்கடித்து, அதற்குள்ளிருந்து இறங்கிய நெடிய மனிதனை அவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். தந்தை பதறி ஓடி வருகிறார். அச்சத்தைவிட வியப்பே அந்த நினைவில் மிகுந்திருக்கிறது.

பதினைந்து வயதுக்குள் அவர் அரசுத் தரப்பால் கைது செய்யப்பட்டு, அடிக்கப்பட்டு, சிறையில் வதைக்கப்பட்டார். கம்பத்தில் கட்டிவைத்துக் காலில் தேனைத் தடவி எறும்புகளை விட்டதை அவர் எழுதியிருக்கிறார். அதற்கு மேலும் நடந்தவற்றை நான் இங்கே எடுத்தெழுத விரும்பவில்லை. தாய் பணம் கொடுத்து அவரை மீட்டார். அங்கேதான் பொறி இருந்தது. அவ்வளவு கொடிய சிறையிலிருந்து ஒரு பெண் எப்படி இவ்வளவு விரைவில் வெளியே வந்தாள் என்று வியட் காங் தரப்பு கேட்கத் தொடங்கியது. காட்டிக்கொடுத்திருப்பாள் என்று முடிவு செய்தார்கள். பாட்டுப் பாடிப் புகழ்ந்த அதே தரப்பு மரண தண்டனை விதித்தது. தண்டனையை நிறைவேற்ற அனுப்பப்பட்ட இருவர், சுட்டுக் கொல்வதற்குப் பதிலாக அவரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிவிட்டு, வெளியே சொன்னால் கொன்றுவிடுவதாக மிரட்டி விட்டுச் சென்றார்கள். ஒரு தரப்பின் கருணையே மறுதரப்பில் குற்றச் சான்றாகும் நிலையில், அப்பாவி என்று தன்னை மெய்ப்பிக்க அவருக்கு எந்த வழியும் இருக்கவில்லை. ஊரில் இருந்த எந்தப் பெண்ணுக்கும் இருந்திருக்காது. எவருக்கும் தீங்கு நினைக்காதவர்கள் தப்பிவிடுவார்கள் என்று போரைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் நம்புவதுண்டு. கீ லாவில் தப்பியவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டுப் போனவர்களே.

அவரும் தாயும் போனார்கள். முதலில் டா நாங், பிறகு தெற்கின் தலைநகரான சைகோன். அங்கே ஒரு செல்வர் வீட்டில் இருவரும் பணிப்பெண்கள் ஆனார்கள். வீட்டு முதலாளியால் லி கருவுற்றார். வீட்டிலிருந்து இருவரும் வெளியேற நேர்ந்தது. மீண்டும் டா நாங்குக்கு வந்து, மகனைப் பெற்று, அமெரிக்கத் தளங்களைச் சுற்றி முளைத்திருந்த கள்ளச் சந்தையில் சிகரெட்டும் மதுவும் நினைவுப் பொருள்களும் விற்றுப் பிழைத்தார். உலகிலேயே மிகச் செல்வம் வாய்ந்த படை தங்கியிருந்த நகரத்தைச் சுற்றி, வயலிழந்த லட்சக்கணக்கானோர் தகரக் கொட்டகைகளில் அடைந்து கிடந்தார்கள். அந்தப் படையின் கழிவுதான் அவர்களுடைய பொருளாதாரம். நெல் வரிசையைப் பற்றி அவ்வளவு நிதானமாக எழுதியவர் இந்த ஆண்டுகளை மூச்சிரைக்க எழுதுகிறார். அவருடைய வாழ்க்கையில் நாற்பது பக்கத்துக்கு உரிய நிகழ்வுகள் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. அவசரத்தில் வாழ்ந்த காலத்தை அவசரமாகவே நினைவு வைத்திருக்கிறார் போலும்.

தந்தை மட்டும் ஊரைவிட்டு நகரவில்லை. முன்னோர் மாடத்தைக் காக்க எவரேனும் இருக்க வேண்டும் அல்லவா? இரு தரப்பும் அவரை நெருக்கின. மகளைக் கொண்டு தங்களுக்கு ஆகவேண்டியதை முடித்துத் தரும்படி வியட் காங் தரப்பு வற்புறுத்திய நிலையில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உயிரோடிருப்பதே உன் வேலை என்று மகளிடம் சொன்னவர் அவர். முறையாக அடக்கம் பெறாத உயிர் அலைந்து திரியும் என்பது வியட்நாமியரின் ஆழ்ந்த நம்பிக்கை; அமெரிக்கப் படையின் உளவியல் போர்ப் பிரிவு அந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கி, அலையும் ஆவியின் ஓலத்தை ஒலிநாடாவில் பதிந்து இரவில் காடுகளின் மேல் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்ட காலம் அது. அத்தகைய காலத்தில், தந்தைக்கு உரிய சடங்குகளைச் செய்ய லி ஆபத்தான ஊருக்குத் திரும்பிச் சென்றது எத்தகைய துணிவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

தம்மைவிட வயதில் மிக மூத்த அமெரிக்க ஒப்பந்தப் பணியாளர் ஒருவரை மணந்து 1970இல் அவர் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போனார். அங்கே கண்ட வாழ்க்கையும் இரண்டு கணவர்களையும் இழந்ததும் தனிக் கதை. 1975 மார்ச் 29 அன்று டா நாங்கும், ஏப்ரல் 30 அன்று சைகோனும் வடக்குப் படையிடம் வீழ்ந்ததை அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார். 1986இல், அமெரிக்கப் பொருளாதாரத் தடை நீடித்துக்கொண்டிருந்த நாளில், அவர் தனியாகத் திரும்பிச் சென்றார். நூலின் அமைப்பே இந்தப் பயணத்தையும் பழைய ஆண்டுகளையும் மாற்றி மாற்றிச் சொல்வது. தாயையும், வடக்கே போய் அதிகாரி நிலைக்கு உயர்ந்திருந்த அண்ணன் போன் நியேயையும் அவர் சந்திக்கிறார். இரண்டு ஆண்டுப் பிரிவு என்று நினைத்துப் போன அண்ணனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பார்க்கும்போது, கட்டித் தழுவலும் கண்ணீரும் நம் திரைப்படங்களில் வருவதைப்போல் பொங்கி வரவில்லை. ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கிறார்கள். என்ன கேட்கலாம், யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கிறார்கள். சிறுவயதில் கற்ற அந்த இரட்டைப் பதில் பழக்கம் உடன்பிறந்தாருக்கு நடுவிலும் உட்கார்ந்திருக்கிறது.

இந்த நினைவுகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இருபது ஆண்டுகளுக்குப் பின், வளர்ந்தபிறகு கற்ற மொழியில், ஜே வர்ட்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் துணையோடு, அமெரிக்க வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் இது. உரையாடல்கள் சொல்லுக்குச் சொல் அப்படியே நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை. இதற்கு நேர் எதிரான ஆவணம் ஒன்று உண்டு: குவாங் நாமுக்குத் தெற்கே குவாங் ங்காய் மாகாணத்தின் டுக் போவில் போராளிகளின் மருத்துவராக இருந்த டாங் துய் டிராம் எழுதிய நாட்குறிப்பு. ஹனோய் மருத்துவக் கல்வி பெற்ற அவர் 1970 ஜூனில் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டபோது வயது இருபத்தேழு. அந்தக் குறிப்பேடுகளை எரிக்காமல் எடுத்துவைத்த அமெரிக்க உளவுப் பிரிவு வீரர் ஃபிரெட் வைட்ஹர்ஸ்ட், 2005இல்தான் அவற்றை ஹனோயிலிருந்த தாயிடம் சேர்ப்பிக்க முடிந்தது. டிராமுக்குத் தன் கதையின் முடிவு தெரியாது; அதனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு நம்பிக்கையும் கோபமும் அப்போதைக்கப்போது புதிதாக எழுகின்றன. லிக்கோ முடிவு தெரியும். ஆகவே ஒவ்வொரு துயரத்துக்கும் ஒரு பொருளைத் தேடி அமர்த்திவிடத் துடிக்கிறார். நூலின் முகவுரையில் அமெரிக்கச் சிப்பாய்களைப் பார்த்து, நடந்ததற்கு உங்களைக் குறைசொல்ல மாட்டேன் என்ற பொருளில் அவர் பேசும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. காம் நேயின் கூரைக்குத் தீ வைத்தவனுக்கு அந்த மன்னிப்பை வழங்க அவருக்கு உரிமை உண்டுதான். அவர் எரிந்த ஊர்களின் மகள். ஆனால் அந்த மன்னிப்பு இவ்வளவு முதலிலேயே, கணக்கு எழுதி முடிப்பதற்கு முன்பே வர வேண்டியிருந்தது, எண்பதுகளின் அமெரிக்க நூல் சந்தைக்காகவும்தானோ என்ற ஐயம் என்னை விடவில்லை.

டா நாங் இன்று நம்மவர்கள் விடுமுறைக்குக் கூட்டமாகப் போகும் ஊர். நானும் குடும்பத்தோடு போயிருந்தேன். நகரிலிருந்து ஹோய் ஆன் நோக்கிச் செல்லும் அகன்ற சாலையில் கடற்பக்கம் முழுவதும் சொகுசு விடுதிகள்; பளிங்கு மலைகளின் அடியில் புத்தர் சிலைகளும் சிங்கச் சிலைகளும் செதுக்கி அடுக்கிய கடைகள். ஹெலிகாப்டர் தளம் இருந்த இடத்தை அடையாளம் காட்ட எங்கள் வாகன ஓட்டுநருக்குத் தெரியவில்லை; அவர் பிறந்தது போர் முடிந்து வெகுகாலம் கழித்து. கீ லா இருந்த பகுதி ஹோவா குயி என்ற பெயரில் மாநகரின் விளிம்பாகிவிட்டது. இதில் வருந்த ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றியது. இளைஞர்கள் தங்கள் ஊரை வேறு காரணங்களுக்காக அறிந்திருப்பது நல்லதுதான். ஆனால் 1995இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கின்படி இரு பக்கத்திலும் சேர்த்துச் சுமார் இருபது லட்சம் பொதுமக்கள் அந்தப் போரில் இறந்தார்கள். வெற்றி பெற்ற தரப்பின் வீரர்களுக்கு நாடெங்கும் வெள்ளை நிறக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. இடையில் நின்றவர்களை நினைக்க வேண்டிய பொறுப்பு பெரிதும் அவரவர் வீட்டு மாடங்களுக்கே விடப்பட்டிருக்கிறது.

லி 1988இல் அமெரிக்காவில் ஈஸ்ட் மீட்ஸ் வெஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, தன் ஊர்ப்பகுதியில் மருத்துவ நிலையம் அமைக்கும் பணியில் இறங்கினார். வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்கர்கள் சிலரும் அதில் பங்கெடுத்தார்கள். பொருளாதாரத் தடை 1994 வரை நீடித்ததால் உதவிப் பொருள் அனுப்பவும் அமெரிக்க அரசின் உரிமம் வேண்டும். உள்ளே நுழைக்க ஹனோயின் இசைவும் வேண்டும். புலம்பெயர்ந்த வியட்நாமியருள் பலர், கம்யூனிஸ்டுகளுக்குத் துணைபோகிறார் என்று அவரைக் கடிந்தார்கள். ஊரில் சிலருக்கோ அவர் அமெரிக்கனைக் கட்டிக்கொண்டு ஓடிப்போனவர். இவை எல்லாவற்றையும் அவர் எழுதியோ பேசியோ எதிர்கொண்டார். அவருக்கு அந்த வாய்ப்பாவது கிடைத்தது.

எனக்கு இன்னமும் வாசிக்கக் கிடைக்காதது அவருடைய தாயின் நினைவுகள். சிசுவைக் கொல்ல மறுத்தவர், மகளைச் சிறையிலிருந்து விலை கொடுத்து மீட்டவர், தாமும் ஒருமுறை வியட் காங் விசாரணைக்கு உள்ளாகித் தப்பியவர், அந்நியனை மணந்த மகளோடு முரண்பட்டவர், மகள் போன பிறகும் அந்த மண்ணிலேயே இருந்து 1975க்குப் பிந்தைய பஞ்ச ஆண்டுகளையும் பார்த்து முடித்தவர் டிரான் தி ஹுயென். 1986 சந்திப்பின்போது மகள் கேட்பவற்றில் பலவற்றுக்கு அவர் சுருக்கமாகவே விடை சொல்கிறார். சிலவற்றைப் பேச மறுக்கிறார். மகளின் நூல் நெடுகத் தந்தையின் கதைகளும் அறிவுரைகளும் நிறைந்திருக்க, மகளை ஒவ்வொரு முறையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தவை தாய் செய்த காரியங்களே என்பதை லி அங்கங்கே குறிப்பிடுகிறார். நான் மறுவாசிப்பில் பென்சிலால் கோடிட்டவை பெரும்பாலும் அந்த வரிகள்.